ஒரு சாண் உயரத்தில் வந்த மாதா

கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஆகவே இந்த வாரம் நேராகப் பார்த்தபடியே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கேயும் விழவில்லை. யாரும் அடிக்கவும் இல்லை. (இதை முதலில் படிப்பவர் என் வீட்டுக்காரர். அவர் பெயரைக் கெடுப்பானேன்?) வலிக்குக் காரணம் மாதா. எங்கள் கோயில் மாதாவேதான். போன வாரம் திருவிழாவில் அவரை ஊர் முழுக்கத் தூக்கி வந்தேன்.

நான்!

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். டவுன் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் "நிறுத்துங்க" என்று சொல்ல வாய் வராமல், அடுத்த ஸ்டாப் வரை போய் இறங்கி, வெயிலில் நடந்து வருகிறவள். கோயிலில் கடைசித் தூணுக்குப் பின்னால் இடம் பிடிக்கிறவள். அப்புறம் எப்படி வாராவாரம் எழுதுகிறாய் என்றால்... எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லையே!

விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்குப் பக்கம். ராகி, கடலை, தக்காளி. ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் இந்துக் குடும்பங்கள். செப்டம்பர் எட்டு மாதா பிறந்த நாள். அன்று சாயங்காலம் சப்பரம். பூவும் விளக்குமாக ஜோடித்த மரப்பீடத்தில் மாதா நிற்பார். பீடத்துக்கு அடியில் நீளவாக்கில் இரண்டு சவுக்குக் கழிகள். முன்னால் ஆறு பேர், பின்னால் ஆறு பேர் தோள் கொடுத்து மூன்று தெருவும் சுற்றிக் கோயிலுக்குக் கொண்டு வர வேண்டும்.

தூக்குவது ஆண்கள்தான். எப்போதிலிருந்து? சப்பரம் என்று ஒன்று இருக்கிற நாளிலிருந்து.

அதற்காகப் பெண்களுக்கு வேலையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பூக்கட்டுவது நாங்கள். பீடத்துணி துவைப்பது நாங்கள். கோயிலைக் கழுவிவிடுவது, வெளியூர்ப் பங்குச் சாமியார்களுக்குச் சமைப்பது, ஊர்வலத்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டே பிள்ளையையும் இடுப்பில் தூக்கி வருவது, எல்லாம் நாங்கள். பூசை நேரத்தில் பலிபீடத்துக்குப் பக்கத்தில் போகக் கூடாது; சனிக்கிழமை துடைப்பத்தோடு போகலாம். ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

காலம் மாறவில்லையா என்றால், மாறியிருக்கிறது. பூசை தமிழில் வந்தது. முதுகு காட்டிக்கொண்டிருந்த சாமியார் எங்கள் பக்கம் திரும்பினார். மைக் வந்தது, கிடார் வந்தது, பாய் போய் பெஞ்சு வந்தது. பெஞ்சு வந்த பிறகும் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். அது மட்டும் பாயோடு போகவில்லை.

இந்த நிலையில்தான் புது சாமியார் வந்தார். சின்ன வயசு. மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார். வாய்க்கு வாய் "பங்கேற்பு" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தை முடித்துவிட்டு, ஏதோ கரன்ட் கட் ஆகும் என்று அறிவிக்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார் — இந்த வருஷம் மாதா சப்பரத்தைப் பெண்கள் தூக்குவார்கள்.

இடது பக்கம் முக்காடுகள் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்தன. வலது பக்கத்தில் ஒருவர் இருமினார். அந்த இருமல் எனக்குத் தெரிந்த இருமல். கோயில் கமிட்டித் தலைவர், என் கணவரின் அண்ணன். வீட்டில் எல்லோருக்கும் 'பெரிய மாமா'. நான் கல்யாணமாகி வந்த நாள் முதல் அவர் முன்னால் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரும் என்னிடம் நேராகப் பேசியதில்லை. காப்பி வேண்டுமென்றால்கூடத் தம்பியிடம்தான் சொல்வார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

பூசை முடிந்து வெளியே வந்தால் அதே பேச்சு. ஒருவர் இது ரோமாபுரியில் கேட்டுச் செய்கிற காரியமா என்றார். இன்னொருவர், மாதா கீழே விழுந்தால் ஊருக்கு மழை கிடையாது என்றார். பெரிய மாமா மட்டும் நிதானமாகச் சொன்னார். "தூக்கட்டுங்க. நாங்க வாணாம்னு சொல்லலீங்க சாமி. ஆனா ஒத்திகை பாக்கணும். ஒத்திகைல ஆகலன்னா எங்க ஆளுங்க தூக்குவாங்க. மாதா வெளையாட்டுப் பொருள் இல்ல."

நியாயமாகத்தான் இருந்தது. யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஆனால் எங்கள் பக்கத்தில் ஒருத்தி இருந்தாள். அறிவிப்பைக் கேட்ட நிமிஷம் முட்டி போட்டவள், கூட்டம் கலைந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. ரோசலி.

ரோசலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவர் இறந்து பல வருஷமாகிறது. கூலி வேலை. இரண்டும் பெண் பிள்ளைகள். மூத்தவள் ஜெயமேரிக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. தருமபுரி பெரியாஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ரோசலி ஒரு பொருத்தனை செய்தாள். மகள் பிழைத்தால் மாதா சப்பரத்தை நானே தூக்கி ஊர் சுற்றி வருகிறேன் என்று.

நானே!

மகள் பிழைத்துவிட்டாள். பொருத்தனைதான் மாட்டிக்கொண்டது. எங்கள் ஊரில் பெண்கள் செய்கிற பொருத்தனையைப் புருஷனோ மகனோ தோளில் தூக்கித் தீர்ப்பார்கள். அவளுக்கு இரண்டு பேரும் இல்லை. அண்ணன் மகன் தூக்கட்டும் என்றார்கள். பழைய சாமியார், அதெல்லாம் மாதா கணக்குப் பார்க்க மாட்டார், ஒரு மெழுகுவர்த்தி ஏற்று போதும் என்றார். ஏற்றினாள். மனசு ஆறவில்லை. நான் என்று சொன்னது நான்தானே, அண்ணன் மகன் எப்படி நானாவான் என்று கேட்டாள். வருஷா வருஷம் சப்பரம் தன் வாசலைத் தாண்டும்போது ரோசலி தலை குனிந்துகொள்வாள். பார்த்திருக்கிறேன்.

இந்த வருஷம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஜெயமேரிக்குப் பொம்மிடியில் மாப்பிள்ளை அமைந்துவிட்டது. திருவிழா முடிந்ததும் கல்யாணம்.

ஒத்திகைக்கு வருவோம்.

வெறும் பீடம்தான், மாதாகூட இல்லை. பன்னிரண்டு பெண்கள் நின்றோம். எனக்கு இடப்பக்கக் கழியில் இரண்டாவது இடம். முன்னால் ரோசலி. வலப்பக்கக் கழியின் முன்னால் என் ஓரகத்தி சவேரியம்மா அக்கா, அதாவது பெரிய மாமாவின் மனைவி. ஆண்கள் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் உட்பட. எனக்குக் கொடுத்த இடம் வருஷக்கணக்காக அவருடைய இடம். தோளில் அதற்கான காய்ப்புகூட இருக்கிறது, விருந்தாளிகளுக்குக் காட்டுவார்.

தூக்கினோம். ஆண்கள் வைக்கிற மாதிரியே தோளில் வைத்தோம். கழி தோள் எலும்பில் உட்கார்ந்தது. அம்மா என்று கத்தத் தோன்றியது. சேலைத் தலைப்பில் வழுக்கி முழங்கைக்கு வந்தது. எங்களில் நெட்டை உண்டு, குட்டை உண்டு. நெட்டையானவர்கள் மேல் முழுப் பாரமும் இறங்கியது. சவேரியம்மா அக்கா ரொம்பக் குட்டை. கழி அவர் தோளுக்கு எட்டவே இல்லை. கையால் எட்டிப் பிடித்தபடி கூடவே நடந்தார். அவர் சப்பரத்தைத் தூக்குகிறாரா, சப்பரம் அவரைத் தூக்குகிறதா என்று தெரியவில்லை.

"மாதாவுக்குப் பதிலா எங்க அண்ணிய மேல ஏத்திடுங்க, எடை சரியாப்பூடும்" என்றது ஒரு குரல். என் வீட்டுக்காரர்தான். மதில் முழுக்கச் சிரிப்பு. அன்று ராத்திரி அவருக்கு நான் வைத்த குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்திருக்கும். தற்செயல்தான்.

கொடிமரம் வரைக்கும் போவதற்குள் பீடம் ஒரு பக்கமாகச் சாய, ஆண்கள் ஓடி வந்து பிடித்தார்கள். ஒத்திகை முடிந்தது.

சாமியார் முகம் வாடிப்போயிற்று. கடைசியில் ஒரு சமாதானம் பேசினார்கள். கோயில் வாசலிலிருந்து கொடிமரம் வரை பெண்கள் தூக்குவது. அங்கே ஆண்கள் வாங்கிக்கொண்டு ஊர் சுற்றுவது. பங்கேற்பும் ஆயிற்று, மாதாவுக்கும் ஆபத்தில்லை. வாசலிலிருந்து கொடிமரம் எவ்வளவு தூரம்? ஒரு தும்மல் தும்முவதற்குள் போய்விடலாம்.

எல்லோருக்கும் திருப்தி. எனக்கும்தான், உண்மையைச் சொல்வதென்றால். என் தோள் எலும்புக்கு ரொம்பத் திருப்தி.

மறுநாள் மத்தியானம் கடலை உரித்துக்கொண்டிருக்கிறேன், ரோசலி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவளும் உரிக்க ஆரம்பித்தாள்.

"கொடிமரம் வரைக்கும் தூக்கினா தீந்துருமாக்கா?" என்றாள்.

தீரும் என்று சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை.

"ஊர் சுத்தி வர்றன்னு சொன்னன். கொடிமரம் வரைக்கும் வர்றன்னு சொல்லல. அந்த வராண்டால அவளுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாக் கெடக்குது... அப்ப மாதா எனக்குப் பாதி புள்ளையா குடுத்தாங்க? முழுசாத்தான குடுத்தாங்க."

நான் உரித்த கடலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொரு வூட்டுக்குப் போறா. இத முடிக்காம எப்பிடிக்கா அனுப்புவன்? அங்க போயி அவளுக்கு ஒரு தலைவலின்னாக்கூட, எம் பொருத்தனை நின்னுபோனதாலதான்னு என் நெஞ்சு அடிச்சுக்கும்."

அதெல்லாம் மூடநம்பிக்கை என்று டவுனிலிருந்து வரும் சிஸ்டர் கூட்டம் போட்டுச் சொல்வார். இருக்கலாம். ஆனால் ஒரு தாய் தன் வாயால் கொடுத்த வார்த்தையைத் தன் உடம்பால் தீர்க்க ஆசைப்படுகிறாள், அதற்கு என்ன பெயர்? எனக்குத் தெரியவில்லை. ரோசலி உரித்ததை முறத்தில் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

திருவிழா வந்தது.

தெருவெல்லாம் கலர்த்தாள் தோரணம். மைக் செட் வயர் ஒரு கூரைக்கும் இன்னொரு கூரைக்குமாக ஓடியது. பேண்டு செட் பாலக்கோட்டிலிருந்து. மாதா நீலப் பட்டில் நின்றார், சுற்றிலும் கண்ணாடிக் கூண்டுகளில் மெழுகுவர்த்தி. கோயில் வாசலில் மரமேடையில் சப்பரம். நாங்கள் பன்னிரண்டு பேரும் தலையில் முக்காட்டோடு போய் நின்றோம். முக்காடு இல்லாமல் பெண்கள் கோயில் பக்கம் வரக் கூடாது. பைபிளில் சின்னப்பர், அதாவது பவுல், சொல்லியிருக்கிறார் என்பார் பெரிய மாமா. சின்னப்பர் வேறு என்னவெல்லாமோ சொல்லியிருக்கிறார், அதெல்லாம் அவருக்கு ஞாபகம் வருவதில்லை.

கொடிமரத்தடியில் ஆண்கள் தயார். எல்லோர் தோளிலும் துண்டு மடித்து வைத்திருந்தார்கள். பெரிய மாமா எங்களைச் சரிபார்க்க வலப்பக்கக் கழிக்கு அருகிலேயே நின்றார். நாலு பேர் கையில் முட்டுக்கம்பு. நுனியில் கவை உள்ள கம்பு அது. சப்பரம் நிற்கிற இடத்தில் கழிகளுக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொள்வார்கள். தூக்குகிறவர்கள் தோளை எடுத்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

சாமியார் ஜெபம் சொல்லி முடித்தார். "தூக்குங்கம்மா" என்றார்.

அப்போதுதான் அந்தத் தப்பு நடந்தது.

தூக்கு என்றதும் ரோசலியின் கை தன்னால் தலைக்குப் போய்விட்டது. முக்காட்டை இழுத்தாள். இரண்டு சுற்றுச் சுற்றினாள். உச்சந்தலையில் சும்மாடாக வைத்தாள். அவள் என்ன செய்வாள்? புல்லுக்கட்டாகட்டும், விறகாகட்டும், குடமாகட்டும், பிறந்ததிலிருந்து 'தூக்கு' என்று யார் சொன்னாலும் அவள் செய்தது அதைத்தான். பதற்றத்தில் கைக்குத் தெரிந்த வேலையைக் கை செய்தது.

கொட்டாவி மாதிரி அது பரவியது. அவளைப் பார்த்து எனக்குப் பின்னாலிருந்தவள் சுற்றினாள். நான் சுற்றினேன். எதற்கு என்று யோசிக்கக்கூட இல்லை. சவேரியம்மா அக்காவும் சுற்றினார். உயரம் போதாது என்று தெரிந்திருக்க வேண்டும். சட்டென்று திரும்பி, பக்கத்தில் நின்ற பெரிய மாமாவின் தோளிலிருந்து மடித்து வைத்திருந்த துண்டை உருவி, அதையும் சேர்த்துச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டார்!

மாமாவின் கை வெறும் தோளைத் தடவியது. அதற்குள் சப்பரம் எழுந்துவிட்டது.

வாசகர்களே, சத்தியமாகச் சொல்கிறேன், அது அசையவில்லை. குட்டையானவள் சும்மாட்டைத் தடிமனாகச் சுற்றியிருந்தாள், நெட்டையானவள் மெல்லிசாக. பன்னிரண்டு தலையும் ஒரே மட்டம். ஒத்திகையில் எங்களைக் கவிழ்த்த உயர வித்தியாசம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பாரம்? ஆளுக்கு ஒரு குடத் தண்ணீருக்குக் கொஞ்சம் கூட. அதைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்கிறவர்களுக்குத் தெரு என்ன பெரிசு?

ஆண்கள் தோளில் வரும்போது மாதா இடமும் வலமும் ஆடுவார். கிரீடத்தை நூல் போட்டுக் கட்டித்தான் வைப்பார்கள். அன்றைக்கு மெழுகுவர்த்திச் சுடர்கூட நேராக நின்றது.

கொடிமரம் வந்தது. முட்டுக்கம்புக்காரர்கள் ஓடிவந்து கம்பைக் கொடுத்தார்கள். கம்பு எட்டவில்லை!

எப்படி எட்டும்? அது ஆண்களின் தோள் உயரத்துக்கு வெட்டிய கம்பு. எங்கள் தலையும் சும்மாடும் சேர்ந்து அதைவிட ஒரு சாண் மேலே. கம்பு நிற்காமல் சப்பரத்தைக் கைமாற்ற முடியாது. நாலு பேரும் கம்பை வைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தார்கள்.

"எறக்குங்க. மெதுவா எறக்குங்க, நாங்க வாங்கிக்கறம்" என்றார் மாமா.

ரோசலி நிற்கவில்லை. தலையைத் திருப்பவும் இல்லை, திருப்பத்தான் முடியாதே.

"நடுவழில எறக்கிப் பழக்கமில்லீங்கண்ணா" என்றாள். "வூட்டுக்குப் போயித்தான் எறக்குவோம்."

அவ்வளவுதான். முன்னால் அவள் நடந்தாள். அவள் நடந்தால் நான் நடக்க வேண்டும். நான் நடந்தால் பின்னால் இருப்பவள் நடக்க வேண்டும். ஒரே கழியில் தலை கொடுத்த பிறகு தனித்தனியாக யோசிக்கவா முடியும்? பேண்டு செட்டுக்காரர்களுக்கு இந்த வம்பெல்லாம் தெரியாது. சப்பரம் நகர்ந்ததும் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மாதா கொடிமரத்தைத் தாண்டிவிட்டார்.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. முதல் தெருவிலேயே கலர்த்தாள் தோரணம் வழி மறித்தது. அதுவும் வழக்கமான உயரத்துக்குக் கட்டியது. மாதா ஒரு சாண் உயரத்தில் வருகிறார், கிரீடம் இடிக்கிறது. முன்னால் ஓடிப் போய்த் தோரணத்தைத் தூக்க வேண்டும், வயரைத் தூக்க வேண்டும். எதைக் கொண்டு தூக்குவது? கவை வைத்த முட்டுக்கம்பு இருக்கிறதே!

ஆக, எங்களிடமிருந்து சப்பரத்தை வாங்க வந்தவர்கள், ஊர் முழுக்க எங்களுக்கு முன்னால் கம்பும் கையுமாக ஓடி வழி செய்து கொடுத்தார்கள். பெரிய மாமாதான் முதல் ஆள். மைக் செட் வயரைக் கவையில் மாட்டி அண்ணாந்து பிடித்துக்கொண்டு, "வாங்க... வாங்க... இன்னும் கொஞ்சம்... போலாம்" என்றார். இருபது வருஷத்துக்கு மேல் என்னிடம் பேசாதவர். என்னிடமா பேசினார்? மாதாவிடம் பேசினாரோ என்னவோ. நானும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன்.

ஜெபமாலை? அதைச் சொல்கிறவர்கள் நாங்கள்தானே. எங்களுக்கு மூச்சு இல்லை. ஆண்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். மாலையில் எத்தனை மணி உருட்டியாயிற்று என்று இரண்டு பேருக்குள் சண்டை. மன்றாட்டு மாலையில் பாதியைத் தாண்டிக் குதித்தார்கள். சில பேர் இடுப்பில் பிள்ளை அழுதது. ஓரக்கண்ணால் பார்க்கிறேன், என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே வருகிறார், ஒரு கையில் மெழுகுவர்த்தி, இன்னொரு கையில் என் செருப்பு. செருப்போடு சப்பரம் தூக்கக் கூடாதென்று வாசலில் கழற்றிவிட்டிருந்தேன். அது தொலைந்துவிடக் கூடாதாம்.

ஏரிக்கரை இறக்கத்தில்தான் பயம் வந்தது. அங்கே பாரம் முழுக்க முன்னால் இறங்கும். ஆண்களே தடுமாறுகிற இடம். ரோசலியின் சும்மாடு நழுவுவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். சுருள் பிரிந்து முந்தானையாகிக் காதோரம் தொங்கியது. கழி வெறும் தலையில் உட்கார்ந்துவிட்டது. அவள் கழுத்து நரம்பு புடைத்தது. பக்கத்தில் வந்த ஒருவர் தோள் கொடுக்கக் குனிந்தார்.

"தொடாதீங்க" என்றாள். மெதுவாகத்தான். "இது எம் பொருத்தனை."

அவர் கையை எடுத்துவிட்டார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். எதுவும் யோசிக்கவில்லை. இடது கை சும்மாதான் இருந்தது. எட்டிக் கழிக்கும் அவள் தலைக்கும் நடுவில் என் உள்ளங்கையைக் கொடுத்தேன். ரேகை இன்னும் சிவந்துதான் இருக்கிறது. இறக்கம் முடிந்து மேடு ஏறினோம். மேட்டில் மாதம்மா நின்றிருந்தாள். அந்தப் பக்கத்துக்காரி, வருஷா வருஷம் மாதாவுக்கு உப்பும் மிளகும் காணிக்கை போடுகிறவள். போட மறந்து எங்களையே பார்த்தாள்.

"ஏ ரோசலி, எங்க வூட்டு ஆளுங்க இத மட்டும் பாத்துறக் கூடாது" என்றாள். "அப்பறம் எங்க மாரியாத்தாளையும் எங்க தலைலயே கட்டிருவாங்க."

சிரிக்க முடியவில்லை. சிரித்தால் சப்பரம் குலுங்கும். பன்னிரண்டு பேரும் உள்ளுக்குள்ளேயே சிரித்தோம்.

எங்கேயும் நிறுத்தாமல் மூன்று தெருவும் முடித்துக் கோயில் வாசலுக்கு வந்தோம். மரமேடையில் மாதாவை இறக்கினோம். ரோசலி மேடையின் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஜெயமேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தாயின் தலையைத் தடவிப் பார்த்தாள். காயம் இருக்கிறதா என்று பார்த்தாள் போல. ரோசலி அவள் தாடையைப் பிடித்து, போ, இனிமே போ என்கிற மாதிரி ஆட்டினாள்.

எல்லாம் சுபம் என்று நினைத்தால், பெரிய மாமா சாமியாரிடம் வந்துவிட்டார். வேர்த்துக் கொட்டுகிறது, தோளில் துண்டு இல்லை.

"தூக்கினது சரிங்க சாமி. ஆனா ஊரே பாக்க, மாதா சந்நிதில பொம்பளைங்க தலைல முக்காடு இல்லாம வந்துருக்காங்க. இது மொறையா?"

சாமியார் வாயைத் திறந்தார். சின்னப்பரைப் பற்றி ஏதோ படித்ததைச் சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. சொல்லியிருந்தால் விடிய விடிய விவாதம்தான்.

அப்போது ஒரு குரல் கேட்டது.

"தலைக்கு மேல மாதாவே இருந்தாங்களே மாமா. அதுக்கு மேல இன்னொரு முக்காடு எதுக்குங்க?"

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பினார்கள். நானும் திரும்பப் பார்த்தேன், கழுத்து திரும்பவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, பேசியது நான்தான்.

மாமா என்னைப் பார்த்தார். நேராக, முதல் தடவையாக. தன் மனைவியின் தலையிலிருந்த துண்டை எடுத்து உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் என் காலடியில் செருப்பை வைத்தார். வைக்கும்போது, "போட்டுக்க, வூட்டுக்குப் போயி இன்னும் என்னென்ன பேசப் போறியோ" என்று முணுமுணுத்தார். பயந்த மாதிரி நடித்தார். கொஞ்சம் நிஜமாகவே பயந்திருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இந்த நாலைந்து நாளாகத் தைலம் தேய்த்துக்கொண்டு ஒரே யோசனை. எங்களுக்கு இடம் கொடுக்க நினைத்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் ஆண்கள் செய்கிற மாதிரியே செய்யுங்கள் என்றுதான் கொடுத்தார்கள். நாங்களும் அதுதான் முறை என்று தோளைக் கொடுத்துத் தோற்றோம். பாரம் தூக்க நமக்கு வேறு வழி தெரியும் என்பது ஒத்திகையில் ஒருத்திக்காவது தோன்றியதா? மற்றவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனவர்கள் போலக் கோயிலில் கூச்சத்தோடு நின்றே பழகிவிட்டோம். பதற்றத்தில் கை தப்பாகப் போகாவிட்டால் இன்னும் கொடிமரத்தடியில்தான் நின்றிருப்போம்.

இனி எல்லாம் மாறிவிடுமா? கமிட்டியில் இன்னும் பெண்கள் இல்லை. சனிக்கிழமை துடைப்பம் என் கையில்தான் இருக்கும். எனக்குத் தெரியும். ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. இதை எழுதும்போதுகூடக் கை ஓடுகிறது, என் எழுத்து எனக்கே கோணலாகத் தெரிகிறது. ரோசலிக்குக் கழுத்து வலி இல்லையா என்று விசாரித்தேன். அவளுக்கென்ன, மறுநாளே புல்லுக்குப் போய்விட்டாள். வீட்டுக்குள்ளேயே பம்பு வந்த பிறகு குடம் தூக்குவதை விட்ட எனக்குத்தான் இந்தத் தைலமெல்லாம்.

முடிப்பதற்கு முன் ஒன்று. இன்று காலை வாசலில் இருமல் கேட்டது. பெரிய மாமா. கையில் நீளமான சவுக்குக் கம்பு, நுனியில் கவை. என் வீட்டுக்காரர் வெளியே போயிருக்கிறார் என்று சொல்லத் தலையை நீட்டினேன். அவர் தம்பியைக் கேட்கவில்லை.

"ஏம்மா, இப்பிடி வந்து நேரா நில்லு" என்றார் என்னிடம். "அடுத்த வருசத்துக்கு முட்டுக்கம்பு புதுசா வெட்டணும். சும்மாட்டோட எவ்வளவு ஒசரம் வருதுன்னு பாத்துக்கறன்."

முந்தானையைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் கம்பை நிறுத்தி, கத்தியால் ஒரு கோடு கிழித்துக்கொண்டு, சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அளவெடுக்கும்போது நான் குதிகாலைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டது அவருக்குத் தெரியாது.